பார்த்தாயிற்று

கடைக்காரி பெவர்லி பால் பாட்டிலைப் பையில் வைத்தபடியே சொன்னாள்: "நேத்து சாயங்காலம் உன்னை மில் வளைவுல பார்த்தேன் கண்ணு. கை காட்டினேன், நீ நிமிரவே இல்ல. குனிஞ்சு எதையோ தேடிட்டே இருந்த."

நரெல் பையின் காதைப் பிடித்தபடி நின்றாள். நேற்று சாயங்காலம் அவள் வீட்டை விட்டு நகரவில்லை. விறகு அடுப்பின் முன்னால் கால் நீட்டிப் பூசணி சூப் குடித்துக்கொண்டிருந்தாள். கார் சாவி ஆணியில் தொங்கியது.

"அது நான் இல்ல, பெவ். நான்தான் அதையெல்லாம் விட்டுட்டேனே."

"உன் ஆரஞ்சு ஜாக்கெட்டு, உன் டார்ச்சு, உன் கூனல். வேற எந்தப் பைத்தியம் இந்தக் குளிர்ல செத்த மிருகத்தத் தடவிட்டு நிக்கும்?" பெவர்லி சிரித்தாள். அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. "விடு. ஒரே நாள்ல விட்டுப் போற வியாதியா அது? இன்னைக்குப் பிப்பா வர்றா இல்ல? இந்த பிஸ்கட்ட அவளுக்குக் குடு, நான் குடுத்தேன்னு சொல்லு."

நரெல் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். முன்பு இருந்த நரெல் என்றால் இந்த ஒரு பேச்சே போதும், வாரக்கணக்கில் தூக்கம் போயிருக்கும். இப்போது பெவர்லிக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள், அத்தோடு சரி. மனசு பஞ்சு மாதிரி இருந்தது.

டாஸ்மேனியாவின் தெற்கே ஆப்பிள் தோட்டமும் ஈரக் காடும் மாறி மாறி வரும் அந்தப் பள்ளத்தாக்கில், ரோட்டில் மிருகம் அடிபடாத நாள் கிடையாது. வெளிச்சம் இறங்கியதும் வாலபி எனும் குட்டைக் கங்காருகள் புதரிலிருந்து நேராகச் சக்கரத்துக்குள் பாயும். அடித்தவர் வண்டியை நிறுத்தி, அது பெண்ணா என்று பார்த்து, வயிற்றுப்பைக்குள் கை விட்டுக் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று தேட வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். இருந்தால் குட்டியைச் சட்டைக்குள் வைத்து உடம்புச் சூட்டோடு கொண்டுபோவார்கள். தேடி முடித்த உடம்பின் மேல் ரோஸ் நிறப் பெயிண்டைப் பீய்ச்சிப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். பார்த்தாயிற்று, இனி யாரும் நிறுத்த வேண்டாம் என்று அர்த்தம். குறியைக் கண்டவர்கள் வேகத்தைக்கூடக் குறைக்காமல் போய்விடுவார்கள்.

நரெலுக்கு மட்டும் அந்தக் குறி போதவில்லை. சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் போதும், மனசு கேட்கும்: அது குழிதானா? ஆள் இல்லையா? குழந்தை இல்லையா? திரும்பிப் போவாள். குழிதான் இருக்கும். கிளம்பினால் மறுபடி கேட்கும்: புதருக்குள் பார்த்தாயா? ஊர்ந்து போயிருந்தால்? ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, டார்ச்சோடு புல்லை விலக்கி விலக்கித் தேடுவாள். தான் போட்ட குறியையே நம்பாமல் அதே செத்த வாலபியின் பைக்குள் மறுபடி கை விடுவாள். கேலி செய்தவர்கள் உண்டு. தேடும்போது அவள் அழுதுகொண்டே தேடுவாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

போன குளிர்காலத்தில் மகள் பிப்பா மில் வளைவின் பஸ் நிழற்குடையில் அம்மாவுக்காகக் காத்திருந்தாள். நரெல் வழியில் ஒரு குலுக்கலுக்காகத் திரும்பியவள், திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தாள். குழந்தை மழையில் விறைத்துப்போய் நின்றதை யாரோ லாரிக்காரர் பார்த்து அப்பாவிடம் கொண்டுபோய் விட்டார். அன்றிலிருந்து பிப்பா அப்பா ரஸ்ஸலோடுதான் இருக்கிறாள். அவன் கெட்டவன் இல்லை. "ஒரு தடவை நேரத்துக்கு வந்து காட்டு, நரெல்," என்றான். "வந்துட்டா வாராவாரம் கூட்டிட்டுப் போ. இல்லன்னா இதோட விட்ருவோம். அவ வாசல்லயே நின்னு நின்னு பார்க்கறத என்னால பார்க்க முடியல."

மனநல டாக்டரிடமும் போனாள். டாக்டர் தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து கம்ப்யூட்டர் திரையில் வந்து பொறுமையாகச் சொன்னார்: "சந்தேகத்தை வெரட்டப் பார்க்காதீங்க. பக்கத்து சீட்டுல உக்கார வச்சுட்டு ஓட்டிட்டுப் போங்க. அது கத்தட்டும். நீங்க திரும்ப மட்டும் வேண்டாம்." அது கத்தக் கத்த அப்படியே ஓட்டிப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பலன் தெரிந்தது. அதற்குள் டாக்டர் பிரசவ விடுப்பில் போய்விட்டார், அடுத்தவரிடம் வசந்த காலத்தில்தான் இடம் என்றார்கள். ரஸ்ஸல் வசந்தம் வரைக்கும் காத்திருப்பானா? அந்த அவசரத்தில்தான் அவள் கை வைத்தியம் செய்யும் சோரல் என்பவளிடம் போனாள்.

சோரலின் இடம் ஒரு பழைய ஆப்பிள் கிடங்கு. புளித்த பழமும் கருகிய இலையும் கலந்த வாசனை. மருந்துக்கடைக்காரர் அதெல்லாம் ஏமாற்று வேலை என்று எச்சரித்திருந்தார். சோரல் அவளைக் குளிர்ந்த ஆற்றுத் தண்ணீர்த் தொட்டியில் படுக்க வைத்து, விலா எலும்புக்குக் கீழே கட்டைவிரல்களை அழுத்திக்கொண்டு, காலில் முள் எடுப்பவளைப் போல நிதானமாகப் பேசினாள்.

"இது நீ இல்ல தங்கம். உனக்குள்ள குந்திட்டிருக்கற ஒருத்தி. அவள வெளிய எடுத்துருவோம்."

"எடுத்தா எங்க போவா?"

"அவளுக்குப் பழகின எடத்துக்கு. வெறுங்கையோட அனுப்பக் கூடாது. அவ சாமான அவகிட்டயே குடுத்துரு."

நரெல் ஜாக்கெட்டையும் கையுறையையும் டார்ச்சையும் பெயிண்ட் டப்பாவையும் வாசல்படியில் வைத்திருந்தாள். தண்ணீருக்குள் காது மூழ்கியிருந்தபோது, தன் விலாவிலிருந்து ஏதோ ஒன்று பல்லைப் பிடுங்கும்போது வருவது போன்ற சத்தத்தோடு கழன்றதை உணர்ந்தாள். பிறகு சிமெண்ட் தரையில் ஈரக் காலடி. கதவு திறந்து மூடிய சத்தம். சோரலின் கைகள் அவள் மேலேயே இருந்தன. எழுந்து பார்த்தபோது வாசல்படி காலியாக இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டி நன்றாகவே குலுங்கியது. நரெல் திரும்பவில்லை. ரேடியோவில் வந்த பாட்டை முணுமுணுத்தாள். ஏமாற்றாக இருந்தால் என்ன, வேலை செய்துவிட்டதே.

வேறு சிலதும் அந்த வாரத்தில் நடந்தன, அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மா லான்செஸ்டனிலிருந்து போன் செய்து, மார்பில் கட்டி இருக்கிறது, டாக்டர் முகமே சரியில்லை என்று குரல் உடைந்து சொன்னாள். "சரியாப் போயிடும்மா," என்று சொல்லிவிட்டு நரெல் கோழிக்குத் தீனி போடப் போனாள். அம்மா வெகுநேரம் போனை வைக்காமல் இருந்தது மட்டும் பிறகு நினைவுக்கு வந்தது.

பெவர்லி கடைக்குப் போய் வந்த அன்று மத்தியானம் பிப்பாவே கூப்பிட்டாள். பத்து வயசுக்காரி, ரகசியம் பேசுவது போலப் பேசினாள்.

"அம்மா, இன்னைக்கு நெசமாவே நேரத்துக்கு வருவியா?"

"வருவேன் செல்லம்."

"குலுங்கினாக்கூட?"

"குலுங்கினாக்கூட."

"நெசமாவே சரியாயிடுச்சா? இனிமே அழ மாட்டியா?"

"அழவே மாட்டேன்," என்றாள் நரெல். அது உண்மைதான்.

குளிர்காலம், அங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும். நரெல் நேரத்தோடு கிளம்பினாள். மெல்லிய மழை விண்ட்ஷீல்டில் ஒட்டிக்கொண்டு வழிந்தது. ஹீட்டரிலிருந்து ஈர நாயின் வாசனை போல ஒன்று வந்தது, இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் மரங்கள் பட்டையை நீளநீளமாகத் தொங்கவிட்டு நின்றன, விளக்கொளி பட்டதும் அந்தப் பட்டைகள் கயிற்றில் காயும் துணியாகத் தெரிந்து மறைந்தன. ரோட்டோரத்தில் முதல் வாலபி கிடந்தது. மேலே ரோஸ் குறி. அடுத்து, பன்றிக்குட்டி மாதிரிக் கொழுத்த ஒரு வாம்பட். அதன் மேலும் குறி. இந்த ரோட்டில் இதுவரை குறி போட்டுக்கொண்டிருந்தது பெரும்பாலும் அவள்தான். அவள் விட்ட பிறகு ஒன்றுகூட விடாமல் போட்டது யார்? அந்தக் கேள்வி வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. குறி ஒவ்வொன்றிலும் அவள் போடுவது போலவே இடது கால் மட்டும் நீண்டிருந்தது.

மில் வளைவு வந்தது. பஸ் நிழற்குடை காலியாக இருந்தது. உள்ளே பெஞ்சின் மேல் ஒரு சின்ன டார்ச் எரிந்தபடி கிடந்தது, அதன் வெளிச்சம் கூரையில் வட்டமாக நின்றது. யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நரெல் வளைவில் திரும்பினாள்.

தொம்.

முன் சக்கரம். அப்புறம் பின் சக்கரம், கொஞ்சம் மெதுவாக.

அவள் காத்திருந்தாள். அந்தப் பழைய கேள்வி கிளம்பும் என்று பழக்கத்தில் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வாலபி, அவ்வளவுதான். கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் ரோட்டோரத்தில் ஆரஞ்சு நிறம் ஒன்று எழுந்து, அவசரமாக நடந்து வந்து, குனிந்தது. டார்ச் வெளிச்சம் தரையில் ஊர்ந்தது. பாவம், யாரோ நல்ல மனுஷி, அவள் பார்த்துக்கொள்வாள் என்று நரெல் நினைத்தாள். அப்படி நினைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேட்டின் மேல் ரஸ்ஸலின் வீட்டு கேட் திறந்திருந்தது. அவன் வராந்தா விளக்கின் கீழ் நின்று கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். அவன் அவளைப் பார்த்து அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகிவிட்டது.

"அட, சொன்ன நேரத்துக்கு வந்துட்டியே. நம்பவே முடியல." காரை எட்டிப் பார்த்தான். "அவ எங்க? பின்னால ஒளிஞ்சிருக்காளா?"

"யாரு?"

"பிப்பா. கீழ நிழற்குடைக்குப் போயிருக்கா. அன்னைக்கு எங்க நின்னாளோ அங்கயே நிக்கணுமாம். அம்மா இப்ப வந்துருவான்னு காட்டணுமாம். நானும் வரேன்னேன், வேண்டவே வேண்டாம்னுட்டா. மஞ்சள் மழைக்கோட்டு மாட்டிவிட்டு, டார்ச் குடுத்துதான் அனுப்பினேன்." அவன் சிரிப்பு நின்றது. "நரெல். வர்ற வழியில நீ அவள ஏத்திக்கலயா?"

"அங்க யாரும் இல்ல," என்றாள். குரல் நிதானமாக வந்தது. அந்த நிதானத்தைக் கேட்டு அவன் முகம் மாறியது. அவன் ஷூவைத் தேடி உள்ளே ஓடினான். அவள் காத்திருக்காமல் காரைத் திருப்பினாள்.

இறக்கத்தில் போகும்போது அவள் தனக்குள் தேடினாள். விட்டெறிந்த ஒன்றைக் குப்பைத் தொட்டியில் தேடுவது மாதிரி தேடினாள். பயப்படு என்று தனக்கே சொன்னாள். அது வாலபிதானா? கேள்வியைச் சத்தமாகக் கேட்டாள். அது வெறும் வார்த்தையாக விண்ட்ஷீல்டில் பட்டு விழுந்தது. ஆமாம், வாலபிதான் என்று உள்ளே ஏதோ ஒன்று சொன்னது. அம்மாவுக்குச் சரியாகிவிடும் என்று சொன்ன அதே குரல். பக்கத்து சீட்டில் பிஸ்கட் பொட்டலம் மட்டும் இருந்தது.

மில் வளைவு.

விளக்கொளியில் முதலில் மஞ்சள் தெரிந்தது. ஒரு சின்ன மழைக்கோட்டு. புல்லோரத்தில், உள்ளே ஆள் இல்லாமல், கோட்டின் கைகள் இரண்டும் ஒழுங்காக மடிக்கப்பட்டு. அதன் முதுகில் ரோஸ் நிறத்தில் பெரிய பெருக்கல் குறி. இடது கால் நீண்ட குறி. பெயிண்ட் மழையில் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

நரெல் பிரேக்கை மிதித்தாள். ஜன்னலை இறக்கினாள்.

அது நிமிர்ந்தது.

அவளுடைய ஜாக்கெட். அவளுடைய கூனல். ஜிப் கழுத்து வரைக்கும் ஏற்றப்பட்டிருந்தது. உள்ளே வயிற்றுப் பக்கம் பெரிதாகப் புடைத்திருந்தது. அந்தப் புடைப்பைக் கீழிருந்து இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு, உடம்புச் சூடு இறங்கட்டும் என்று மெதுவாக ஆடிக்கொண்டு நின்றது. முகம் அவளுடைய முகம்தான். அழுது அழுது வீங்கிய முகம். அம்மாவுக்காக அவள் அழாத அழுகை, பிப்பாவுக்காக இனி அழ முடியாத அழுகை, எல்லாம் அங்கே வழிந்தது.

"குடுத்துரு," என்றாள் நரெல். "அந்தப் பயத்த எனக்குத் திருப்பிக் குடுத்துரு. ஒரு நிமிஷம் மட்டும்."

அது அவளைப் பார்த்தது. வெறுப்பு இல்லை. கனிவாகத்தான் பார்த்தது.

பிறகு ஒரு கையை எடுத்தது. ரோடு வேலை செய்பவர்கள் காரை அனுப்புவது போல, முழங்கையை மடக்கி, காட்டியது. போ. போ. நான் பார்த்துட்டேன்.

அவள் இறங்க நினைத்தாள். கதவில் கையும் வைத்தாள். ஆனால் குறி போட்டாயிற்று. குறி போட்டதற்கு யாரும் இறங்குவதில்லை. அவள் நெஞ்சு அதை ஒப்புக்கொண்டது. பஞ்சு மாதிரி. கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது.

மேட்டிலிருந்து ரஸ்ஸல் மகள் பெயரைக் கத்திக்கொண்டு ஓடி வரும் சத்தம் கேட்டது.

கண்ணாடியில் ஆரஞ்சு ஜாக்கெட் சின்னதாகிக்கொண்டே போனது. அதன் கீழ் விளிம்பிலிருந்து ஒரு மஞ்சள் ரப்பர் பூட்ஸ் வெளியே தொங்கியது. ஆடும்போதெல்லாம் அதுவும் ஆடியது.