எட்டாத பெல்

மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துப் போன பிறகு, ஃபினாயில் வாடையும் மழைக்கு முந்திய புழுக்கமும் மட்டும் வார்டில் மிஞ்சியிருந்த நேரத்தில், நர்ஸ்கள் மேசைக்கு மேலே ஐந்தாம் அறையின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஐந்தாம் அறையில் ஆள் இல்லை. அங்கிருந்த வயதான டெய்லரைக் காலையில்தான் பிணவறைக்குக் கொண்டுபோனார்கள்.

புது நர்ஸ் அதைப் பார்க்காததுபோல் மருந்துத் தட்டைத் துடைத்தாள். அடுத்த டூட்டிக்கு ஆள் வராததால் நேற்று இரவிலிருந்து அவள் வீட்டுக்கே போகவில்லை.

சேர்ந்த புதிதில் எந்த அறையின் பெல் அடித்து விளக்கு எரிந்தாலும் அவள்தான் முதலில் ஓடுவாள். "என் பொண்ணு கை பட்டாலே பாதி நோய் போயிடும்" என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஒருத்தி தலையில் மொத்த வார்டையும் கட்டுவார்கள் என்று அம்மாவுக்கு யார் சொல்வது? டெய்லர் தண்ணீருக்கு அடிப்பார், புரண்டு படுக்க அடிப்பார், ஒன்றுமில்லாமலும் அடிப்பார். "சும்மாதாம்மா. யாராவது வர்றாங்களான்னு பாத்தேன்." கடைசியில் பெரிய சிஸ்டர்தான் வழி சொன்னாள்.

"பெல்லைத் தூக்கி ட்ரிப் ஸ்டாண்டு மேல மாட்டிடு. எட்டாது. நாங்கல்லாம் அப்படித்தான் பொழப்ப ஓட்டுறோம்."

நேற்று ராத்திரி மாட்டினாள். அவர் பெல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். விடிந்தபோது ஸ்டாண்டுக் கம்பியில் கை சிக்கியபடி சில்லிட்டுக் கிடந்தார். டாக்டர் வருமுன் அவள் பெல்லை இறக்கி, அவர் உள்ளங்கையில் வைத்து, தையல் ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்குத் தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"வயர் கோளாறா இருக்கும், போய்ப் பாரு" என்றாள் பெரிய சிஸ்டர், டீயிலிருந்து தலை நிமிராமல்.

ஐந்தாம் அறையில் படுக்கைக்குப் புதுவிரிப்பு போட்டிருந்தது. அதையும் மீறித் தையல் மெஷின் எண்ணெய் வாடை வந்தது. பெல் மறுபடி ஸ்டாண்டின் உச்சியில், அவள் மாட்டிய அதே கொக்கியில் தொங்கியது.

கையை நீட்டினாள். எட்டவில்லை.

நேற்று எட்டியது. எக்கினாள். இல்லை. நெஞ்சு இறுகியது. அப்படியே படுக்கையில் சரிந்தாள். சிஸ்டர் என்று கூப்பிட வாய் திறந்தாள். வெறும் காற்று.

திறந்த கதவு வழியாக மேசை தெரிந்தது. விளக்கு எரிந்தது. பெரிய சிஸ்டர் நிமிர்ந்து அதைப் பார்த்தாள்.

வருவாள். வந்துவிடுவாள்.

பெரிய சிஸ்டர் ஒரு துண்டு பிளாஸ்திரி கிழித்தாள். விளக்கின் மேல் ஒட்டினாள். டீயை எடுத்துக்கொண்டாள்.

படுக்கையில் கிடந்தவளின் தலைமாட்டில் கம்பி கிரீச்சிட்டது. பெல் மெல்ல இறங்கி வந்தது. அவள் உள்ளங்கையில் யாரோ அதை வைத்தார்கள். காய்த்துப்போன விரல்கள். சில்லென்ற விரல்கள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக, மடக்கிவிட்டன.