விருந்துக்கு ஆகாதவர்கள்

அமிர்தவல்லியை ஒதுக்கிவிட்டதாக யாரும் அவளிடம் சொல்லவில்லை. அழைப்புகள் நின்றுபோயின, அவ்வளவுதான். கணவர் ராமதுரை இறந்த பிறகு அதே குடியிருப்பில் பிறந்தநாள் விழாக்களும் ஒரு வளைகாப்பும் நடந்தன. லிஃப்ட் வரைக்கும் பிரியாணி மணத்தது. அவளை யாரும் கூப்பிடவில்லை.

திருச்சியின் அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் எல்லா வீட்டுக் கூடத்திலும் ஒரு களிப்பளவி இருந்தது. யாரை அழைக்கலாம், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று அதுதான் முடிவு செய்யும். விருந்தாளிகள் காதில் அணியும் செவிமணி வழியே, அடுத்து என்ன பேசினால் எதிரில் இருப்பவர் சிரிப்பார் என்று கிசுகிசுக்கும். முகங்களையும் குரல்களையும் அளந்து நூற்றுக்கு இத்தனை என்று சுவரில் காட்டும். அந்த எண்ணுக்குக் களிப்பெண் என்று பெயர். தொண்ணூறுக்குக் கீழே போன வீட்டை மற்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஒருநாள் அமிர்தவல்லி நேராகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேகலாவின் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அந்தக் கட்டடத்தில் மேகலாவின் விருந்துகளுக்குத்தான் எண் எப்போதும் அதிகம்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்றாள் மேகலா. "நீங்க வந்தா எண்ணு அறுபதுக்கு இறங்கிடும்னு காட்டுது. நான் என்ன பண்ணட்டும்?"

"எங்க வீட்டுக்காரர் போயி ஒரு வருசம்கூட ஆகல மேகலா. நான் சிரிச்சாத்தான் எனக்குச் சோறு போடுவீங்களா?"

அமிர்தவல்லி வீட்டுக்கு வந்து களிப்பளவியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். பிறகு, விருந்துகளில் காணாமல் போன முகங்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டு கதவு கதவாகத் தட்டினாள். ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற இன்னாசி, அரசியல் பேசினால் சண்டைக்கு வருவார் என்பதால் நீக்கப்பட்டவர். விவாகரத்தான செண்பகம். திக்கிப் பேசுவதால் உரையாடலைத் தாமதப்படுத்துகிறார் என்று ஒதுக்கப்பட்ட நூருல் அமீன். எல்லோரிடமும் அவள் ஒன்றைத்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள், செவிமணி வேண்டாம்.

முதல் விருந்து சுமாராகத்தான் இருந்தது. அடுத்து என்ன பேசுவது என்று சொல்ல யாரும் இல்லாததால் நெடுநேரம் தட்டுகளின் சத்தம் மட்டும் கேட்டது. இன்னாசி எதிர்பார்த்தபடியே சண்டை போட்டார். நூருல் அமீன் ஒரு நகைச்சுவையைச் சொல்லி முடிப்பதற்குள் ரசம் ஆறிவிட்டது. ஆனாலும் எல்லோரும் காத்திருந்து கேட்டுச் சிரித்தார்கள். ராமதுரையைப் பற்றிப் பேச்செடுத்த செண்பகம் அழுதாள், அமிர்தவல்லியும் அழுதாள். அடுத்த மாதமும் வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் கிளம்பினார்கள்.

அவள் வீட்டு எண் பூஜ்யமாகிக் கட்டடத்தின் சராசரி குறைகிறது என்று சங்கத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. அமிர்தவல்லி அடுத்த விருந்துக்கு இன்னும் ஆறு பேரைக் கூப்பிட்டாள்.

அந்த இரண்டாவது விருந்தின்போது அழைப்புமணி அடித்தது. பட்டுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக மேகலா நின்றிருந்தாள். மேல்மாடியில் அவள் வீட்டிலும் அன்று விருந்து. அவள் மகள் தாரகை மறுநாள் வேலைக்காக நார்வே போகிறாள்.

மேகலா தரையைப் பார்த்தபடி பேசினாள். "மார்புல ஒரு கட்டி இருக்குக்கா. டெஸ்ட் பண்ணியிருக்கேன், ரிசல்ட் வரல. யார்கிட்டயும் மூச்சு விடல. களிப்பளவி என் குரல்லயே கண்டுபிடிச்சிடுச்சு. நான் இல்லாம இருந்தா எண்ணு தொண்ணூத்தியெட்டு வருமாம். கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்கன்னு என் காதுல சொல்லுது. என் வீட்டுலயே."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மேகலாவின் பட்டியலிலிருந்து விழுந்தவர்கள். யாரும் எழுந்து வரவில்லை. அமிர்தவல்லிக்கும் ஒரு கணம் கதவைச் சாத்தத் தோன்றியது. பிறகு அவள் செருப்பை மாட்டினாள்.

"புள்ள நாளைக்குப் போகுதுல்ல? வா, மேல போவோம்."

இன்னாசிதான் முதலில் எழுந்தார். பின்னாலேயே எல்லோரும் படியேறினார்கள். மேகலா ஓய்வெடுப்பது நல்லது என்று அவள் வீட்டுக் கதவு பணிவாகச் சொன்னது. அவள் கட்டைவிரலை வைத்துத் திறந்தாள்.

தாரகை ஓடிவந்தாள். "நீ தூங்கறேன்னு சொல்லுச்சேம்மா."

மேகலா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தாரகை அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சுவரில் எண் சரசரவென்று இறங்கியது. செவிமணிகள் முணுமுணுத்தன. விருந்தாளிகள் ஒவ்வொருவராக, மிக நாகரிகமாக விடைபெற்றுக்கொண்டு வெளியேறினார்கள். கடைசியில் தாரகை திடுக்கிட்டுத் தன் காதைத் தொட்டாள். அவளையும் கொஞ்சம் வெளியே போய்வரச் சொல்லியிருந்தது. அவள் செவிமணியைக் கழற்றி மேசைமேல் போட்டாள்.

விளக்குகள் தாமாகவே மங்கின. மேகலா அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, "நூருல் பாய், அந்தப் பக்கம் பிடிங்க," என்றாள். பிரியாணியோடு எல்லோரும் அமிர்தவல்லியின் வீட்டுக்கு இறங்கிப் போனார்கள்.

மேலே, ஆளில்லாத கூடத்தைக் களிப்பளவி மறுபடி அளந்தது. வாடிய முகம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கட்டடத்தில் எந்த வீடும் அதுவரை தொடாத நூறைச் சுவரில் காட்டி, வாழ்த்து இசையை ஒலிக்கவிட்டது.