இருபத்தொன்பது வயதுக்காரர்

சரஸ்வதி பூஜையன்று காலை ஒன்பது மணியளவில், இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருந்த மருதாசலம், கரண்டியும் கையுமாக உறைந்துபோனார். அவர் மறுபடி கண் விழித்தபோது மறுநாள் பகல் பதினொரு மணி ஆகியிருந்தது.

உறைவது யாருக்கும் புதிதன்று. எல்லோருடைய நினைவும் பழக்கமும் இப்போது காதின் பின்புறம் பதித்த அகப்பலகையில்தான் குடியிருந்தன. அந்தப் பலகை எப்போதாவது சிக்கிக்கொண்டு நின்றுவிடும். அப்போது வீட்டிலிருப்பவர்கள் பன்முகத் துவக்கியை எடுத்து, காதுக்குப் பின்னுள்ள துளையில் செருகுவார்கள். கட்டைவிரல் நீளமே உள்ள அந்தக் கருவிக்குள் பழுதுநீக்கி ஒன்றும், வீட்டிலுள்ளவர்கள் வெவ்வேறு வயதில் எடுத்துவைத்த நகல்களும் இருக்கும். அதன் சிறு திரையில் வரும் பட்டியலில் ஒரு நகலைத் தொட்டால், உறைந்தவர் அந்த வயதின் நினைவோடு எழுந்து நடமாடுவார். அவர் உண்டு, உரையாடி, உலவிக்கொண்டிருக்கும் நேரத்தில் பழுதுநீக்கி உள்ளே பலகையைச் செப்பனிட்டுவிடும். மூன்று மணி நேர வேலை. பிறகு துவக்கியை உருவிவிட்டால் இன்றைய மனிதர் திரும்பி வருவார். இடையில் நடந்தது அவருக்கும் நினைவிராது, நகலிலும் பதியாது.

காந்திபுரத்தில் துவக்கி கட்டித் தரும் கடை நடத்திவந்த மருதாசலத்துக்கு இதெல்லாம் அத்துபடி. மூன்று மணி நேரம் எப்படி இருபத்தாறு மணி நேரமாயிற்று என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருந்தது. காதின் பின்னால் கைவைத்துப் பார்த்தார். உலர்ந்த சந்தனம் விரலில் உதிர்ந்தது.

அவரும் மனைவி கோகிலவாணியும் மட்டுமே உள்ள வீடு அது. பூஜைக்கு வாணி வழக்கம்போல் வீட்டிலிருந்த கருவிகள் அனைத்துக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தாள். திருப்புளி, மிக்சி, ஸ்கூட்டர், அவள் பள்ளியிலிருந்து கொண்டுவந்திருந்த விடைத்தாள் கட்டு என்று ஒன்றும் பாக்கியில்லை. அதே கையோடு கணவருடைய காதில் செருகியிருந்த துவக்கிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள்.

“பூஜைல வெச்ச பொருளை மறுபூஜை முடியாம எப்புடிங்க எடுக்கிறது?” என்று அவள் கேட்டபோது, அதில் குறை காண மருதாசலத்துக்கு வழியில்லை. இருந்தாலும் துவக்கியின் திரையைப் பார்த்தவுடன் அவருடைய முகம் மாறியது. ‘மூன்றாம் நகல், வயது இருபத்தொன்பது’ என்று அதில் இருந்தது.

பட்டியலில் அவருடைய நகல்கள் மூன்று. முப்பத்தொன்பது வயதுடையது மேலே, முப்பத்து நான்கு நடுவே, இருபத்தொன்பது அடியில். யாரும் எதையும் தொடாவிட்டாலும் முப்பது விநாடியில் மேலே உள்ளது தானாகவே எழுந்துவிடும். அப்படித்தான் அவர் அதைக் கட்டியிருந்தார். அடியில் இருப்பவனை எழுப்ப வேண்டுமானால் இரண்டு முறை கீழே தள்ளி, பிறகு அழுத்த வேண்டும். விரல் ஒருமுறை தவறலாம். மூன்று முறையுமா தவறும்?

வாணியிடம் கேட்டார். கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அத்தோடு முடிந்திருந்தால் அவரும் மறந்திருப்பார். மாலையில் எதிர்வீட்டுத் தனபாக்கியம் அக்கா படிக்கட்டில் வழிமறித்தார். “நேத்தைக்கு உங்க வீட்ல ஒரே சிரிப்புச் சத்தம் தம்பி. டிவியாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். எட்டிப் பார்த்தா நீங்க ரெண்டு பேரும்.”

கீழே போய் ஸ்கூட்டரைப் பார்த்தார். சந்தனம் அப்படியே இருந்தது; ஆனால் நாற்பது கிலோமீட்டர் கூடியிருந்தது. மறுபூஜைக்கு முன் துவக்கியைத் தொடக்கூடாதாம். பொட்டு வைத்த வண்டியில் மட்டும் நாற்பது கிலோமீட்டர் போகலாமாம். மேலே வந்து இதை மிகவும் தணிந்த குரலில் எடுத்துரைத்தார். வண்டி வேறு, அது வேறு என்றாள் வாணி. எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, சும்மா ஒரு சுற்று என்றாள்.

அடுத்து வந்த நாள்களில் அவள் அவருடைய உடல்நலத்தில் காட்டிய அக்கறைதான் அவரை அதிகம் வதைத்தது. தலை கிறுகிறுவென்று இருக்கிறதா என்பாள். கண் இருட்டுகிறதா என்பாள். இல்லை என்று அவர் சொன்னதும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைவதாக அவருக்குத் தோன்றும். ஒருநாள் பேப்பர் படித்தபடி சற்று அசையாமல் இருந்துவிட்டார். நிமிர்ந்தபோது வாணி எதிரே துவக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கடைக் கூட்டாளி செபாஸ்டினிடம் மனம் பொறுக்காமல் சொன்னார். அவர் பற்றவைப்புக் கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ஊர்ல அவனவனுக்கு எதிராளி வெளிய இருப்பானுங்ணா. உங்காளு உங்க சட்டையவே போட்டுக்கிட்டு, உங்க வண்டியவே எடுத்துக்கிட்டுப் போறான். யார்கிட்டப் போயி பிராது குடுக்குறது?”

மருதாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இருபத்தொன்பது வயதுக்காரனுக்குத் தெரிந்தது அனைத்தும் அவருக்கும் தெரியும். அவன் சொல்லக்கூடிய பகடி, பாடக்கூடிய பாட்டின் அடி, வெட்கப்படும்போது மூக்கைத் தேய்க்கும் வழக்கம் எல்லாமே அவரிடமிருந்து போனவை. அந்த ஒரே ஒரு நாள் மட்டும் அவரிடம் இல்லை. சொந்த வாழ்க்கையில் ஒரு நாளை வேறொருவன் வந்து வாழ்ந்துவிட்டுப் போனதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை பொறுமை எல்லை கடந்தது.

“அப்படி என்னதான் பேசுனான் அவன்?”

“அவரு ஒண்ணும் பேசலீங்க. நான் பேசுனேன். அவரு கேட்டாரு.”

“அவரு அவருங்காத. அது நானு.”

“நீங்கதானுங்களே? அப்புறம் யாரு மேல கோவம்?”

கேள்வி நியாயமாக இருந்ததால் கோபம் கூடியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் துணி விரித்து, துவக்கியைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உட்கார்ந்தார். முழு நகல் நான்குக்கு மட்டுமே அதில் இடம். மூன்று அவருடையவை. நான்காவது வாணியுடையது, அவளுக்கு இருபத்தேழு வயதானபோது எடுத்தது. இதையும் அவருடைய இருபத்தொன்பதையும், கல்யாணமாகி ஓராண்டு கழித்து இருவரும் அருகருகே உட்கார்ந்து, ஒரே நாளில் எடுத்துக்கொண்டார்கள். பதினான்கு ஆண்டுகளாக அவளுடையது புதுப்பிக்கப்படவில்லை. நகல் எடுக்க ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். அவளுக்குப் பள்ளியும் விடைத்தாளும் ஓய்ந்ததில்லை. அவரும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே தள்ளிக்கொண்டு வந்தார். ஆண்டுக்கு ஒருமுறையாவது நகலைப் புதுப்பியுங்கள் என்று வருவோர் போவோருக்கெல்லாம் எழுதி மாட்டியிருப்பது அவருடைய கடைதான்.

முதலில் இருபத்தொன்பதை அழித்தார். பிறகு, முப்பத்து நான்கு மட்டும் யோக்கியமா என்று தோன்றியது. அதையும், முப்பத்தொன்பதையும் அழித்தார்.

வாணி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் காலியாக இருந்த மூன்று வரிகளைப் பார்த்தாளோ இல்லையோ, அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“இன்னிக்கு லீவுதானுங்க. எனக்கும் புதுசா ஒண்ணு எடுத்துருங்களேன்.”

“இடமில்ல. அடுத்த வாரம் பெருசு ஒண்ணு கட்டி எடுக்கலாம்.”

அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவர் ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, நாற்பத்து மூன்று வயதுத் தம்மை நகலெடுத்து, அதையே மூன்று வரியிலும் நிரப்பினார். இனி யாருடைய விரல் எங்கே தவறினாலும், கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும், எழுந்து வரப்போகிறவர் இன்றைய மருதாசலம் ஒருவரே. அன்று பல வாரங்களுக்குப் பிறகு வயிறார உண்டார்.

பத்து நாள் கழித்து, ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வாணி உறைந்துபோனாள். சக ஆசிரியைகள் ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார்கள். மருதாசலம் பதற்றமின்றித் துவக்கியைச் செருகினார். இருபத்தேழு வயது வாணி கண் விழித்து, அவருடைய நரைத்த மீசையைப் பார்த்து, ஒரு கணம் திகைத்து, பிறகு விளங்கிக்கொண்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. பழுதுநீக்கி பாதியிலேயே நின்று, பலகை மீளாது என்று சிவப்பு வரியில் காட்டியது. மருதாசலம் மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் அதே வரி. செபாஸ்டின் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய் இரண்டு நாள் கடையில் வைத்துப் போராடினார்; அதுவரை துவக்கியின் நகலே வாணியை நடமாடவைத்தது. மூன்றாம் நாள் வந்து, தலையைக் குனிந்தபடி நின்றார். பலகையில் ஒன்றும் மிஞ்சவில்லை. விதிப்படி, இருக்கும் நகலைப் புதிய பலகையில் ஏற்றி, எழுந்து வருபவரையே இன்றைய மனிதராக ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

செபாஸ்டின் கொண்டுவந்திருந்த புதுப் பலகையில் நகலை ஏற்றியது மருதாசலமே. பதினான்கு ஆண்டுகள் தம் விரல்நுனியில் இல்லாமற்போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றோடு, நாற்பது கிலோமீட்டர் போன அந்த ஒரு நாளும் போயிற்று. அவன் அவளை எங்கே அழைத்துப்போனான், எதைக் கேட்டான், எதற்கு அவள் அப்படிச் சிரித்தாள் என்பதைச் சொல்லக்கூடியவள் போய்விட்ட அந்த வாணி ஒருத்திதான்.

வாணி வீட்டில் ஒரு விருந்தாளியைப் போல நடமாடினாள். எந்தப் பாத்திரம் எங்கே என்று அவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவர் உண்ட பிறகே உண்டாள். மறுநாள் மாலை, தயங்கித் தயங்கி அருகே வந்தாள்.

“ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“எனக்கு இதெல்லாம் போன வாரமாட்ட இருக்குதுங்க. நகல் எடுக்கறப்ப அவரு எம்பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. உங்க துவக்கியில இருப்பாருங்களே. ஒரே ஒரு நாளைக்கு அவரைக் கூப்பிட்டுக் குடுக்கறீங்களா? சொல்லிக்கிட்டு வந்தர்றேன். அப்புறம் இங்கயே இருந்துக்கறேன்.”

அவள் கண் கலங்கியிருந்தது. மருதாசலத்துக்கு உண்மை தொண்டை வரை வந்தது. அதையும் முந்திக்கொண்டு பழைய எரிச்சல்தான் வந்தது. எங்குமே இல்லாதவனுக்காக இவள் கண்ணில் இன்னும் நீர் வருகிறதே என்று இருந்தது.

“கூப்பிடறேன்” என்றார்.

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். மீசையை மழித்தார். அலமாரியில் இருந்த இறுக்கமான சட்டை ஒன்றைத் தேடி எடுத்து, மூச்சை உள்ளிழுத்துப் பொத்தான் போட்டார். அந்த வயதில் எப்படி நடந்தோம் என்று எண்ணிப் பார்த்து, அறைக்குள் இரண்டு முறை நடந்தார். பிறகு கதவைத் திறந்து, மூக்கை லேசாகத் தேய்த்துக்கொண்டு, “வாணி” என்று அழைத்தார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாணி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவருக்கு எழுவதுபோல், மரியாதையாக எழுந்து நின்றாள்.