உதட்டில் ஒட்டிய கார்னெட்

ஏஸ்பெனின் வீட்டில் எல்லோரும் பூனை நடை நடக்க ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்பாவுக்குத் தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அம்மா தட்டுகளைக் கழுவும்போது ஒன்றோடொன்று இடிக்காமல் நடுவே துணி வைத்து அடுக்கினாள். ரேடியோ வாய் மூடிக் கிடந்தது. சுவர்க் கடிகாரம் மட்டும்தான் யாரையும் கேட்காமல் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

எல்லாம் யாரிட்சாவுக்காக.

யாரிட்சாவுக்குப் பதினேழு வயது. ஹோண்டுராஸ் நாட்டிலிருந்து ஒரு வருடம் இங்கே தங்கிப் படிக்க வந்தவள். வடக்கு நார்வேயில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற இந்த மீன்பிடி ஊருக்கு அவள் ஆகஸ்டில் வந்து இறங்கியபோது, படுக்கப் போகும் நேரத்திலும் வெளிச்சம் இருந்தது. "இங்க யாருமே தூங்க மாட்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சமையலறையில் சத்தமாகப் பாடினாள். ஏஸ்பென் கார்னெட் ஊதினால், கரண்டியால் மேசையைத் தட்டித் தாளம் போட்டாள். பத்து வயது ஏஸ்பென் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆகஸ்டிலிருந்துதான் அவனுக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தாள்.

நவம்பர் கடைசியில் சூரியன் போனது.

ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வருடா வருடம் போகும். ஜனவரி கடைசியில் தெற்கு மலையின் இடுக்கு வழியாக மறுபடி எட்டிப் பார்க்கும். அதுவரை நண்பகலில் கொஞ்ச நேரம் நீலமாக ஒரு மங்கல். மற்றபடி இருட்டு, பனி, காற்று, அவ்வளவுதான்.

முதலில் யாரிட்சா தினமும் மதியம் ஜன்னலோரம் போய் நின்று பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டாள். பாட்டு நின்றது. சிரிப்பு நின்றது. பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்ததும் நேராகத் தன் அறைக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டாள்.

அம்மா அவளுக்குக் கம்பளிச் சட்டை வாங்கித் தந்தாள். பளிச்சென்று எரியும் விளக்கு ஒன்று வைத்தாள். தினமும் ஒரு கரண்டி மீன் எண்ணெய் கொடுத்தாள். யாரிட்சா கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்குவாள். ஆனால் கதவு மட்டும் திறக்கவில்லை.

"நான் போய்க் கதவைத் தட்டட்டுமா?" என்று கேட்டான் ஏஸ்பென்.

"சும்மா இருடா," என்று கிசுகிசுத்தாள் அம்மா. "மூடின கதவைப் போய்த் தட்டறது மரியாதையா? அவளுக்கு இப்ப அமைதிதான் வேணும். தொந்தரவு பண்ணாம விடறதுதான் நாம செய்யற உதவி."

அந்த ஊரே அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் முறிந்தபோது, அவர் பார்க்காத நேரமாகப் பார்த்து அவர் வாசல் பனியை வாரிப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தவர்கள் அவர்கள்.

ஆக, கார்னெட்டுக்கும் வீட்டில் இடமில்லாமல் போனது. கார்னெட் என்பது ட்ரம்பெட்டின் குட்டித் தம்பி. சூரியன் திரும்பி வரும் நாளில் பள்ளிக்கூட பேண்டு துறைமுகத்தில் வாசிக்கும். அந்தப் பாட்டின் கடைசியில் ஒரு உச்ச சுரம் வரும். ஏஸ்பென் ஊதினால் அது உச்சிக்குப் போகாமல் பாதி வழியில் கால் இடறி விழுந்துவிடும். பயிற்சி செய்தே ஆக வேண்டும். அதனால் அவன் கரையோரப் படகுக் கொட்டகைக்குப் போய்க் குளிரில் நடுங்கி நடுங்கி ஊதினான்.

ஒருநாள் மாலை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மீன் வடையும் வேகவைத்த உருளைக்கிழங்கும். யாரிட்சா தட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் ஊருக்குத் திரும்பிப் போறேன். என்னை இங்க படிக்க அனுப்பி வச்சவங்ககிட்டப் பேசிட்டேன். வெள்ளிக்கிழமைப் படகு."

முள்கரண்டிகள் அப்படியே நின்றன. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா உருளைக்கிழங்கைப் பார்த்தார்.

"அப்படியா..." என்றார் அப்பா. "உனக்கு எது சரியோ, அதைச் செய்மா."

"உன் இஷ்டம்தான்," என்றாள் அம்மா. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

'போகாதே!' என்று கத்தவேண்டும் போலிருந்தது ஏஸ்பெனுக்கு. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை. முள்கரண்டியால் உருளைக்கிழங்கை நசுக்கினான்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவன் கொட்டகைக்குப் போனான். நெஞ்சு முழுக்கத் துக்கம். அந்தத் துக்கத்தில் ஒரு காரியத்தை மறந்தே போனான். கார்னெட்டை முந்தின நாள் அங்கேயே விட்டுப் போயிருந்தான். அன்றைக்குக் குளிரோ எலும்பைத் துளைத்தது. அந்தக் குளிரில் ஈர உதட்டை உலோகத்தில் வைத்தால் உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்று அந்த ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஏஸ்பென் கார்னெட்டை எடுத்தான். வாயில் வைத்தான். ஊதினான்.

வாயிலிருந்து எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

மெல்ல இழுத்தான். உதடும் கூடவே வந்தது. உயிர் போகிற மாதிரி வலித்தது. "ம்ம்ம்!" என்று கத்தினான். கத்தல் கார்னெட்டுக்குள் புகுந்து, "ப்ப்பூவ்வாவ்வ்!" என்று வெளியே வந்தது. பயத்தில் மறுபடி கத்தினான். மறுபடி, "ப்ப்பூவ்வாவ்வ்!"

கொட்டகைக் கதவு படாரென்று திறந்தது. யாரிட்சா நின்றாள். செருப்புகூடப் போடாமல், வெறும் காலுறையோடு பனியில் ஓடி வந்திருந்தாள்.

"என்ன சத்தம் அது? ஏதாவது மாடு கடல்ல விழுந்துடுச்சா?"

ஏஸ்பென் கார்னெட்டைச் சுட்டிக்காட்டினான். அவள் இரண்டு எட்டில் வந்து அதைப் பிடித்தாள். இழுக்கப் போகிறாள்!

"ம்ம்ம்! ம்ம்ம்!" வேண்டாம் என்று தலையை வேகமாக ஆட்டினான். கையால் குவளையைச் சாய்ப்பது போல் காட்டினான்.

"தண்ணியா? கொதிக்கக் கொதிக்கவா?"

"ம்ம்ம்!!"

"சரி சரி, முறைக்காதே! வெதுவெதுன்னு?"

தலையாட்டினான். அவள் வீட்டுக்கு ஓடி, ஒரு குவளையோடு திரும்பி வந்தாள். உதட்டோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பொட்டென்று கார்னெட் கழன்றது. ஏஸ்பெனின் உதடு தக்காளியாக வீங்கியிருந்தது.

யாரிட்சா அவன் முகத்தைப் பார்த்தாள். முதலில் அடக்கிக்கொண்டாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது!

"வீட்டுக்குள்ளயே ஊத வேண்டியதுதானே, முட்டாளே?"

"உனக்குத் தொந்தவா இதுக்கும்னு அம்மா சொன்னாங்க," என்றான் வீங்கிய உதட்டோடு.

அவள் சிரிப்பு நின்றது. கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கா தொந்தரவு? ஏஸ்பென், எங்க வீட்ல ஏழு பேர். ரேடியோ, நாய், சேவல் எல்லாம் சேர்ந்து கத்தும். யார் மேலயாவது கோவம் இருந்தாத்தான் எங்க வீடு அமைதியாகும். இங்க திடீர்னு எல்லாரும் பேச்சை நிறுத்திட்டீங்க. நீ ஊதறதுகூட இல்ல. நான் ரூம்ல உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், நான் என்ன தப்புப் பண்ணேன்னு. உங்கப்பா என்னைப் பார்த்தாலே எழுந்து வெளிய ஓடறாரு."

"அது தும்மறதுக்கு!"

"என்னது?"

"உனக்குக் கேட்டுடக் கூடாதுன்னு வெளிய போய்த் தும்மறாரு!"

யாரிட்சா கார்னெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "போறேன்னு சொன்னப்பகூட, இருன்னு ஒருத்தரும் சொல்லலையே."

ஏஸ்பெனுக்கு அப்போதுதான் புரிந்தது. 'அமைதி அமைதி என்று இவளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறோமே!'

"ஆனா இருட்டும்தான் காரணம்," என்றாள் அவள். "காலைல எழுந்தா ராத்திரி. பள்ளிக்கூடம் விட்டா ராத்திரி. நெஞ்சு மேல கல்லை வச்ச மாதிரி இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருக்கும். அம்மாவுக்கும்தான். போன வருஷம் பாத்திரம் கழுவிக்கிட்டே அழுதாங்க."

"அப்புறம் ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

ஏஸ்பென் யோசித்தான். "தெரியல. சொல்லிப் பழக்கமில்ல."

யாரிட்சாவின் காலுறை நனைந்து விறைத்திருந்தது. இருவரும் இருட்டில் வீடு திரும்பினார்கள்.

ஏஸ்பென் குளிர்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், நடுவில் நின்று, வீங்கிய உதட்டில் கார்னெட்டை வைத்து வலியோடு வலியாக ஊதினான். அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் கிடுகிடுத்தன.

"ஷ்ஷ்ஷ்!" என்று ஓடி வந்தாள் அம்மா. "உனக்கென்ன பைத்தியமா? பாவம், அந்தப் பொண்ணு..."

"நாம கோவமா இருக்கோம்னு நினைச்சிட்டிருக்கா, அம்மா! நாம அவளைத் துரத்தறோம்னு நினைச்சிட்டிருக்கா!"

அம்மா நிமிர்ந்தாள். வாசற்படியில் யாரிட்சா நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயோ," என்றாள் அம்மா. கையிலிருந்த தட்டைத் தொப்பென்று வைத்தாள். "ஐயோ, கண்ணு! உன்னைக் கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிடக் கூடாதேன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். நீ போறேன்னு சொன்ன ராத்திரி நான் தூங்கவே இல்ல. போகாதே! அவ்வளவுதான். சொல்லிட்டேன்."

"நானும் சொல்லிடறேன்," என்றார் பின்னால் நின்ற அப்பா. பிறகு முகம் சுருங்கியது. வாசல் பக்கம் திரும்பினார். நின்றார். வீடே அதிர, "ஹா...ஆச்ச்!" என்று தும்மினார். "அப்பாடா! ஒரு மாசத்துத் தும்மல்!"

யாரிட்சா சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. ஆனால் சரி என்று உடனே சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழமை போகலை," என்றாள். "சூரியன் வர்ற வரைக்கும் இருக்கேன். அன்னிக்கு முடிவு பண்றேன்."

சூரிய நாள் வந்தது. ஊரே துறைமுகத்தில் கூடி, மலை இடுக்கையே பார்த்து நின்றது. ஒவ்வொருவர் கையிலும் சூரிய பன். உள்ளே பழக்கூழ், மேலே சர்க்கரை. பேண்டு வாசித்தது. ஏஸ்பெனின் உச்ச சுரம் வழக்கம்போல் பாதி வழியில் விழுந்தது. வானம் முழுக்கச் சாம்பல் நிற மேகம். சூரியன் வரவில்லை.

எல்லோரும் பேசாமல் பன்னை மென்றார்கள். யாரிட்சாவால் தாங்க முடியவில்லை. மலையைப் பார்த்துத் தன் மொழியில் தொண்டை கிழியத் திட்டினாள். ஊரே திரும்பிப் பார்த்தது. பேண்டு மாஸ்டர் டோர்மூட் பன்னை விழுங்கிவிட்டு, "நல்லா கேளும்மா! நாங்க இத்தனை வருஷமா மரியாதை பார்த்துட்டே இருந்துட்டோம்," என்றார்.

மறுநாளும் மேகம். அதற்கு மறுநாள் பனிப்புயல். ஊரில் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள், ஏஸ்பெனைத் தவிர. 'இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இரு' என்று தினமும் மேகத்தைக் கெஞ்சிக்கொண்டு படுத்தான்.

ஒரு மதியம் சமையலறைச் சுவரில் மஞ்சளாக ஏதோ விழுந்தது. கைக்குட்டை அளவுதான். சூரியன்! ஏஸ்பென் ஜன்னலுக்கு ஓடி, முதுகைக் கண்ணாடியில் ஒட்டி, கைகளை அகல விரித்து நின்றான்.

யாரிட்சா உள்ளே வந்தாள். "என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல. உடற்பயிற்சி."

"நகரு."

"மாட்டேன்."

"சூரியனை மறைக்கறியா?"

அவன் கைகள் தாமாகக் கீழே இறங்கின. மஞ்சள் வெளிச்சம் அவள் மூக்கின் மேல் விழுந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "இன்னிக்கு முடிவு பண்ணிடுவியா?"

"நேத்தே எங்க பள்ளிக்கூட மேட்டுல சூரியனைப் பார்த்துட்டேன்," என்றாள் யாரிட்சா. "முடிவும் பண்ணியாச்சு." அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"போய்க் கார்னெட்டை எடுத்துட்டு வா. என் வருஷம் முடிஞ்சு நான் ஊருக்குப் போறப்பவும் அந்த மேல் சுரம் வழுக்கி விழுந்தா எனக்குத்தான் அவமானம்."