வண்டித் தகட்டில் மூன்று பொட்டு

பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைக்குப் பின்னால் பலகை வீடுகள் வரிசையாக இருந்தன. கடைசி வீடு தனலெட்சுமியுடையது. அவளுக்கு வயது பத்து. அந்த வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை. அதுதான் அவளுடைய பெரிய குறை.

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி ஊருக்குப் போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. மாமாவுக்கு உடம்பு சரியில்லையாம். அடுத்த வீட்டில் ரமணி இருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு ரயில்வேயில் கிள்ளானுக்கு மாற்றல் வந்தது. போன மாதம் அவளும் போய்விட்டாள்.

தனத்தின் அப்பா பழனியப்பன் விடிந்ததும் மாட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு செங்கல் ஏற்றப் போவார். பொழுது சாயும்போதுதான் வருவார். சாப்பிட்ட கை காய்வதற்குள் தூங்கிவிடுவார்.

மிச்சம் இருந்தது வெள்ளையன்தான். வெள்ளையன் வண்டி மாடு. காலையிலும் மாலையிலும் தனம் அவனிடம்தான் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, சோறு ஏன் குழைந்தது, எல்லாம் சொல்வாள். வெள்ளையன் காதை ஆட்டுவான். ஈ விரட்டத்தான் ஆட்டினான் என்றாலும், கேட்டுக்கொள்வது போலவே இருக்கும்.

மாட்டுப் பொங்கல் வந்தது. அன்று காலை அப்பா நுகத்தடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு மாட்டைப் பூட்டலாமாப்பா?" என்று தனம் கேட்டாள்.

"பூட்டக் கூடாதுதான். சூளை முதலாளி தவுக்கேக்கு அதெல்லாம் தெரியுமா? பங்சார்ல வீடு கட்டுறாங்க, இன்னைக்கே கல்லு வேணும்ங்கிறாரு. பாதிப் பாரம்தான். மத்தியானம் போவோம். நீயும் வரியா?"

தனம் உடனே தலையாட்டினாள். ஆனால் வெள்ளையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவனுடைய பண்டிகை அன்றே அவனுக்கு வேலை.

"கோவிச்சுக்காதேடா. உன்னை மாப்பிள்ளை மாதிரி ஆக்கிடுறேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள். குளிப்பாட்டினாள். ஒரு கொம்புக்குச் சிவப்பும் இன்னொரு கொம்புக்கு நீலமும் பூசினாள். கழுத்தில் மாலை போட்டாள். பிறகு வண்டிக்கு வந்தாள். சக்கரத்துக்கு, நுகத்தடிக்கு, விளக்குக்கு, சாட்டைக்குக்கூட மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள்.

வண்டியின் இடது பக்கத்தில் ஒரு தகடு ஆணியடித்து மாட்டியிருந்தது. அதில் 614 என்று எழுதியிருக்கும். அது மட்டும் மஞ்சள் இல்லாமல் வெறுமையாக இருந்தது. அதற்கும் மஞ்சளைக் குழைத்து நிறையப் பூசினாள். அதன்மேல் மூன்று பெரிய பொட்டு வைத்தாள். ஒன்று அம்மாவுக்கு. ஒன்று தம்பிக்கு. ஒன்று ரமணிக்கு. பண்டிகைக்கு வராத மூன்று பேரையும் இப்படியாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மத்தியானம் வண்டி புறப்பட்டது. பங்சார் சாலை முனையில் ஒரு போலீஸ்காரர் நின்றார். அந்த ஊரில் போலீஸ்காரரை 'மாத்தா' என்றுதான் சொல்வார்கள். அவர் கையைத் தூக்கினார். அப்பா அவசரமாக வண்டியை நிறுத்திக் கீழே குதித்தார்.

மாத்தா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வண்டிக்கு நம்பர் இல்லையா?" என்று மலாயில் கேட்டார்.

"யா, துவான்" என்றார் அப்பா. ஆமாம் ஐயா என்று அர்த்தம்.

"நம்பர் வாங்கவே இல்லையா?"

"யா, துவான்."

அப்பாவுக்கு மலாய் அரைகுறைதான். அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. காக்கி உடுப்பைக் கண்டால் அவருக்கு வாயில் அந்த இரண்டு வார்த்தை மட்டும்தான் வரும். "வெள்ளையனுக்கு இறக்கை உண்டா?" என்று கேட்டிருந்தாலும், "யா, துவான்" என்றுதான் சொல்லியிருப்பார். சீக்கிரம் ஒத்துக்கொண்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்பது அவருடைய கணக்கு.

மாத்தா சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து எழுதினார். மைப் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"கைநாட்டு வை. வண்டியும் மாடும் பாலாயில் இருக்கும். கோர்ட்டில் தீர்ப்பு ஆனதும் எடுத்துக்கொள்."

கடைக்குப் போய்ப் போய்த் தனத்துக்கு மலாய் நன்றாகவே வரும். பாலாய் என்றால் போலீஸ் நிலையம். வெள்ளையனை அங்கே கட்டிப்போட்டுவிடுவார்கள். கோர்ட் எப்போது வருமோ? சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கொட்டகையும் காலியாக இருக்கும்.

அப்பா கட்டை விரலை மையில் தொட்டுவிட்டார்.

"அப்பா, வைக்காதீங்க" என்று தனம் வண்டியிலிருந்து இறங்கினாள். மாத்தாவின் முன்னால் போய் நின்று மலாயில் சொன்னாள்.

"துவான், அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதினீங்கன்னு படிச்சுச் சொல்லுங்க. தெரிஞ்சுக்கிட்டு வைக்கட்டும்."

மாத்தா அவளை மேலும் கீழும் பார்த்தார். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

"நீ கேக்கிறது சரிதான்" என்றார் மாத்தா. தமிழில் சொன்னார். தனம் வாயைப் பிளந்தாள்.

"கிள்ளான்ல மூணு வருஷம் வேலை பார்த்தேன். தமிழ் வரும்" என்றவர் புத்தகத்தைப் படித்தார். "வண்டிக்கு நம்பர் இல்லை. வண்டிக்காரனே ஒத்துக்கொண்டான்."

"நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?" என்றார் அப்பா.

"ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் ஆமான்னு சொன்னே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"நம்பர் இருக்கு துவான். மஞ்சளுக்கு அடியிலே இருக்கு" என்று தனம் தகட்டைக் காட்டினாள். "நான்தான் பூசினேன். தப்பு என்னோடது."

"அப்படின்னா துடை. பார்க்கிறேன்."

வண்டிக்கு அடியில் வெள்ளையனுக்குத் தண்ணீர் வாளி தொங்கியது. தனம் பாவாடை நுனியை நனைத்துக்கொண்டு வந்தாள். தகட்டருகே போனதும் கை நின்றுவிட்டது.

வைத்த பொட்டை அழிக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இது அம்மாவுக்கென்றே வைத்த பொட்டு. இதை அழித்தால் அம்மா வராமல் போய்விட்டால்? கண்ணில் நீர் முட்டியது.

"ஏன் நிக்கிறே?" என்றார் மாத்தா.

"இது அம்மா. இது தம்பி. இது ரமணி. யாரும் இங்கே இல்லை. அதான் வச்சேன்."

மாத்தா அவசரப்படுத்தவில்லை. தொப்பி போட்ட ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டு கடந்து போனார்.

தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு அம்மாவின் பொட்டை விரல் நுனியில் பத்திரமாக வழித்து எடுத்தாள். தகட்டுக்கு மேலே இருந்த பலகையில் அதை அழுத்தி வைத்தாள். அடுத்துத் தம்பியை வைத்தாள். அவனுக்குப் பக்கத்தில் ரமணியை வைத்தாள். மூன்று பேரும் ஒரே வரிசையில் வந்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் தகட்டைத் துடைத்தாள். 614 தெளிவாகத் தெரிந்தது.

மாத்தா குனிந்து பார்த்தார். புத்தகத்தில் எழுதியதை அடித்தார். புதிதாக எழுதி, கேட்காமலே படித்துக் காட்டினார்.

"நம்பர் இருக்கு. அறுநூத்துப் பதினாலு. மஞ்சளால் மறைஞ்சிருந்தது. துடைச்சாச்சு. எச்சரிக்கை மட்டும். சரியா?"

"சரி, துவான்" என்றாள் தனம்.

"வண்டிக்காரர் என்ன சொல்றார்?"

அப்பாவின் வாயில் "யா" என்று பாதி வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "எழுதினது சரிதான்" என்றார்.

மாத்தா வெள்ளையனின் கொம்புகளைப் பார்த்தார். "இதெல்லாம் யார் செஞ்சது?"

"நான்தான்."

"தனியாவா?"

"வெள்ளையன் இருந்தான்" என்றாள் தனம்.

மாத்தா சிரித்தார். "எங்க அம்மா பகாங்ல ஒரு கிராமத்திலே இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, பெருநாளைக்குத்தான் பார்ப்பேன்" என்றவர், சாலையைப் பார்த்துக்கொண்டு கையசைத்தார். வண்டி நகர்ந்தது.

அந்த வாரம் முழுக்க, வண்டியைப் பூட்டும்போதெல்லாம் அப்பா எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வெள்ளையனைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினார். தனம் கேட்டால் மட்டும் ஒன்றும் இல்லை என்றார்.

சனிக்கிழமை தனமும் வண்டியில் போனாள். அதே சாலை முனை. அதே மாத்தா. கை மேலே போனது.

அப்பா நிதானமாகக் கீழே இறங்கினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என்ன குத்தம் துவான்? முதல்ல சொல்லுங்க. அப்புறம் எழுதுங்க."

"குத்தம் ஒண்ணும் இல்லை அண்ணே" என்றார் மாத்தா. புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது. அவர் இடது பக்கம் வந்தார். தகடு பளிச்சென்று இருந்தது. மேலே பலகையில் மூன்று பொட்டும் இருந்தன.

"அம்மா வந்தாச்சா?" என்று தனத்திடம் கேட்டார்.

ஏழு மாதத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"இன்னும் இல்லை" என்றாள் தனம். சொல்லும்போது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்ல ஓர் ஆள் இருந்தது நன்றாக இருந்தது.

"சரி. அடுத்த வாரம் கேக்கிறேன்."

அடுத்த வாரமும் கையைத் தூக்கினார். அதே கேள்வி, அதே பதில்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை அவர் கையைத் தூக்கவேண்டி வரவில்லை. சாலை முனை வந்ததும் வெள்ளையன் தானாகவே நின்றுவிட்டான்.