எடுத்தாச்சு

ஷெட்டில் அருள்ஜோசப்பைத் தவிர ஈ காக்கை இல்லை. இருந்தும் "எடுத்தாச்சு" என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல் பதினோரு மணி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலில் காய்ந்து டிக் டிக்கென்று முனகிக்கொண்டிருந்தது. இரும்பு மேசையில் ஒருக்களித்துக் கிடந்த கார் எஞ்சினிலிருந்து மண்ணெண்ணெயும் கருகின ஆயிலும் கலந்து ஒரு வாடை எழுந்து தொண்டையை அறுத்தது. பாகலூர் ரோட்டில் போன லாரியின் அதிர்வு அடங்கின பிறகும், மேசை மட்டும் கொஞ்சநேரம் நடுங்கினமாதிரி இருந்தது.

"எவன்டா அது?" என்று கத்தினான். மேசைக்கடியில் குனிந்து பார்த்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். காலி டின்னை எட்டி உதைத்தான்.

முதலில் அவன் "கை எடு!" என்று கத்தினது பழக்கதோஷம். கம்பெனியில் எஞ்சின் கோர்க்கிற லைனில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் இரண்டு பேர். ஒருவன் அடியில் கையை விட்டு, பிஸ்டனின் ராடைப் பிடித்து, கிராங்க் என்கிற அந்த முறுக்குத் தண்டின்மேல் உட்காரவைப்பான். மற்றவன் ஸ்பேனர் போட்டுக் கிராங்கைச் சுற்றுவான். சுற்றுவதற்கு முன்னால் "கை எடு!" என்று குரல் கொடுக்கவேண்டும். "எடுத்தாச்சு" என்று பதில் வந்தால்தான் சுற்றலாம். ஒன்பது வருஷமாகச் சுற்றுகிறவன் அருள்ஜோசப். இன்று வீட்டில் தன்னந்தனியாக முதல் பிஸ்டனை இறக்கிவிட்டு ஸ்பேனரைத் தூக்கியதும் வாய் தானாகக் கத்திவிட்டது. அவ்வளவுதான்.

ஆனால் பதில் சொன்னது யார்?

அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். மூக்கால் பேசுகிற, பாக்கை ஒரு பக்கக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு பேசுகிற பிரதாப்பின் குரல். ஆறு வருஷமாக எதிரில் நின்று வேலை பார்த்தவன். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே "எடுத்தாச்சு" காதில் விழுந்துதான் அருள்ஜோசப் சுற்றினான். பிரதாப்பின் வலது கையில் நான்கு விரல் போனது.

விசாரணையில் அக்கம்பக்கத்தில் நின்ற எல்லோரையும் கேட்டார்கள். ஒருத்தனுக்கும் எதுவும் கேட்கவில்லையாம். பிரதாப்போ, கட்டுப்போட்ட கையோடு, "சத்தியமா நான் எடுத்தாச்சுன்னு சொல்லவே இல்ல சார்" என்று அழுதான். அருள்ஜோசப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காது கேட்காதவனா நான்? ஒரு மனுஷனின் விரலை வேண்டுமென்றா நசுக்குவேன்? நினைக்க நினைக்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரான் பேசினால் போகிறது. கட்டின பெண்டாட்டி ப்ரீதா சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஏங்க, உங்களுக்கு நெஜமாவே கேட்டுச்சா?" என்றாளே, அன்றைக்கு அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன்தான். அந்தக் கோபத்தில்தான் மச்சான் வீட்டில் துருப்பிடித்து நின்ற காரை இழுத்துவந்தான். முழு எஞ்சினையும் ஒற்றை ஆளாகப் பிரித்துக் கோர்த்துக் காட்டுகிறேன், அப்புறம் பேசுங்கடா என்று.

இரண்டாவது பிஸ்டனை இறக்கினான். ஸ்பேனரைப் பிடித்தான். வேண்டுமென்றே மெல்லச் சொன்னான்.

"கை எடு."

"எடுத்தாச்சு."

சந்தேகமே இல்லை, எஞ்சினுக்குள்ளிருந்துதான் வந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தான். இரும்பு ஜில்லென்று இருந்தது. இந்த வெயிலில், இந்தக் கூரைக்கடியில், ஐஸ்கட்டியாக. உள்ளே ஆயில் சொட்டுகிற சத்தம். சொட்டுக்கு நடுவில் பாக்கு மெல்லுகிற சத்தம்.

"ஏ சனியனே! அன்னைக்கு எனக்கு மட்டும் கேக்கறமாதிரி ஏன்டா சொன்ன?" அருள்ஜோசப் வாய்க்கு வந்தபடி திட்டினான். ஸ்பேனரால் மேசையை ஓங்கி அடித்தான். மதில்மேல் வீட்டுக்கார வெங்கடம்மாவின் தலை தெரிந்தது.

"ஏனப்பா ஜோசப்பு, தனியா நின்னு யார்கிட்ட சண்டை ஜகளம் ஆடறே?"

"உங்களுக்குக் குரல் கேக்கலையாம்மா?"

"உன் குரல்தான் ஊருக்கே கேக்குதே." தலை மறைந்தது.

மூன்றாவது பிஸ்டன். இந்தமுறை அவன் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஸ்பேனரைத் தொடுவதற்குள் அதுவே சொன்னது. "எடுத்தாச்சு. எடுத்தாச்சு."

பயம் இருந்தது. முதுகெல்லாம் வேர்த்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது, அதற்குள்ளே ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கேட்கிறதல்லவா! பொய் சொல்லவில்லையே நான்! ஒரே ஒரு ஆள் கேட்டால் போதும். ப்ரீதா கேட்டால் போதும்.

"ப்ரீதா! இங்க வாடி!"

சர்ச்சில் காலைப் பூசைக்குக் கட்டின சேலையை மாற்றாமலே அவள் வந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். "என்னாங்க, ஒடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. கடைசி பிஸ்டன். அந்தப் பக்கம் போய் அடியில கைய விடு. ராடு வரும், புடிச்சு உக்கார வை. நான் கை எடுன்னு சொன்னா எடுத்துடு. வாயத் தெறக்காத. என்ன கேக்குதுன்னு மட்டும் கேளு."

"எனக்கு இதெல்லாம் எங்கங்க தெரியும்..."

"விடுன்னா விடேன்டி!"

விட்டாள். எஞ்சினுக்கு அந்தப் பக்கம் அவள் முகம் மட்டும் தெரிந்தது. கை தெரியவில்லை. கம்பெனிக்குள் நுழைகிற எவனும் முதலில் மோதிரத்தைக் கழற்றிவிடுவான், யாரும் சொல்லவே வேண்டியதில்லை. வீட்டில் அது அவனுக்குத் தோன்றவில்லை.

சுத்தியல் பிடியால் தட்டி பிஸ்டனை இறக்கினான். பிஸ்டன்களுக்குப் புது ரிங்குகள் போட்ட எஞ்சின், சுற்றுவதற்கு இறுக்கமாக இருக்கும். ஸ்பேனரில் ஒரு நீளப் பைப்பைச் செருகினான். கூரையின் முனகல் நின்றது. ரோட்டுச் சத்தம் நின்றது. அவன் மூச்சு மட்டும்.

"கை எடு!"

"எடுத்தாச்சுங்க."

பிரதாப் இல்லை. ப்ரீதா. வாயைத் திறக்காதே என்றால் திறக்கிறாளே! எல்லாம் பாழ். ஆத்திரம் தலைக்கேறியது. பைப்பைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. இறுக்கம். இன்னும் இழுத்தான். உடம்பு மொத்தத்தையும் போட்டுத் தொங்கினான்.

சுற்றியது.

முதலில் கடினமாக. அப்புறம் லேசாக.

நிமிர்ந்தான். "உன்னை யாருடி பேசச்..."

ப்ரீதாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கண் இரண்டும் அவன்மேலேயே இருந்தன. இடது கையால் வலது தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தாள். வலது கை வரவில்லை. உதடு அசைந்தது. மோதிரம் மாட்டிக்கிச்சு, இருங்க, இருங்க என்று அசைந்தது. தொண்டை நரம்பு புடைத்து நின்றது. கத்துகிறாள். எவ்வளவு நேரமாகக் கத்துகிறாளோ. ஒரு சத்தமும் இல்லை.

இரும்புக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. சாவகாசமாக, காபி போடட்டுமா என்று கேட்கிற அதே குரலில்.

"எடுத்தாச்சுங்க. சுத்துங்க."