தோள் மாற்றும் இடம்

சோற்றை வாய்க்குக் கொண்டுபோக வலக்கைக்கு இடக்கையால் முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. தோள்பட்டை அப்படி இறுகிக் கிடந்தது. பேச்சியம்மாள் பாதியில் எழுந்து உப்பு மூட்டைக் கிட்டங்கிக்கு வேலைக்குப் போனாள்.

அங்கே சுமை தூக்குகிற எல்லோருக்கும் தூக்குச்சட்டை உண்டு. இரும்பு எலும்பும் மோட்டாரும் வைத்தது. ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டின் தாளத்துக்குச் சட்டை நடக்கும், உள்ளே இருக்கும் ஆளையும் இழுத்துக்கொண்டு. ஓடுகிற பாட்டு கம்பெனிக்கு அவள் பாடிக் கொடுத்தது. மூட்டை சுமக்கிறவர்கள் பாடிய பாட்டு அது. ஒவ்வொரு நாலாவது வரிக்கும் பிறகு பாட்டு நிற்கும். அந்த மூச்சில் சுமையைத் தோள் மாற்றுவார்கள். கம்பெனி பதிவு செய்து கித்தார் சேர்த்தது, நிறுத்தம் பாதியானது. பக்திப் பாடலாக்கியபோது அந்த இடத்தில் மணியோசை வந்து உட்கார்ந்தது. டான்ஸ் பாட்டானபோது நிறுத்தத்தையே காணோம். ஒவ்வொரு முறையும் மாற்றத்துக்குச் சம்மதம் என்று அவளிடம் குரலொப்பம் கேட்டார்கள். காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. சரி என்றாள்.

போன வாரம் அவளோடு மூட்டை சுமக்கும் இசக்கிமுத்து பழைய பழக்கத்தில் அந்த இடத்தில் நின்றான். சட்டை நிற்கவில்லை. அவன் கையைத் தோளோடு திருகிவிட்டது.

சட்டை மாட்டுமுன் அவள் இசைப்பிரிவு அதிகாரி தயாபரனிடம் போனாள்.

"என் ஒப்பத்தைத் திரும்ப எடுத்துக்கிடுதேன் சார். பாட்டை நிறுத்துங்க."

அவன் தோசையை மென்றபடி திரையைத் திருப்பினான். "நீ பாடினதோட ஒப்புமை முப்பத்தொன்பது சதவீதம். பாதிக்குக் கீழே போனா கொடுத்தவங்களுக்கு உரிமை இல்லை. இது இப்போ உன் பாட்டு இல்லம்மா."

"வரி என்னுது."

"எந்த வரி? 'ஏலோ' மட்டும்தான் மிச்சம். அதைக் கழுதைகூடக் கத்தும்."

"அந்த நிறுத்தத்தை மட்டுமாவது திருப்பிப் போடுங்க."

"அதை எடுக்கத்தானே என்னை வேலைக்கு வச்சிருக்காங்க. தெரியாம எடுத்துட்டேன்னு நினைச்சியா?"

"உம்ம கை போயிருந்தா பேசுவீரா வே?"

"வே போடாதே. போய்ச் சட்டையை மாட்டு. இல்லேன்னா வாசலுக்கு வெளியே நில்லு."

வாசலில் இசக்கிமுத்து கட்டுப்போட்ட கையோடு காத்திருந்தான்.

"என்னக்கா சொன்னான்?"

"அது நம்ம பாட்டு இல்லையாம்."

"அப்போ எவன் பாட்டுக்கு என் கை போச்சு?" அவன் துப்பினான். "நீதானே நல்லாருக்குன்னு தலையாட்டின. ஒவ்வொரு தடவையும்."

அவள் போய்ச் சட்டையை மாட்டினாள். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. சட்டை அவளை மூட்டைக்கு நடத்தியது. நாலாவது வரி முடிந்தது. மூச்சு தானாக நின்றது, கால்கள் நிற்கவில்லை.

இசக்கிமுத்துவுக்கு அவள் ஒரு கை கடன்பட்டிருந்தாள்.